அத்தானின் கீழுதடு

பள்ளிக்கூடத்து ஆண்டு மலரில் என் அத்தானைப் பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தார்கள். இருபத்தெட்டு வருஷம் விளையாட்டு ஆசிரியர், ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை, மாணவர்களைத் தன் பிள்ளைகளாகவே நினைத்தார், நோயைத் தைரியமாக எதிர்கொண்டார். எல்லாம் உண்மைதான். அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பொய் இருந்தது. மேலே போட்டிருந்த படம். அதை எடுத்தவன் நான்.

கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே என் ஸ்டுடியோ. கல்யாணப் படத்துக்கெல்லாம் என்னைவிடச் சுறுசுறுப்பான ஆட்கள் வந்துவிட்டார்கள். என் பிழைப்பு ஐடி கார்டு படத்தில் ஓடுகிறது. இரண்டு பள்ளிக்கூடம், ஒரு பஸ் கம்பெனி, அவ்வளவுதான். ஆனால் முகத்தைத் திருத்துவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று ஒரு கர்வம் மட்டும் எனக்கு உண்டு. பரு, வடு, கண்ணுக்குக் கீழே கருவளையம், காலையில் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த கடுகடுப்பு, எல்லாவற்றையும் எடுத்துவிடுவேன். யாரும் கேட்க வேண்டாம், நானாகவே எடுப்பேன். படத்தைக் கையில் வாங்கியதும் ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள் பாருங்கள், அதற்காகத்தான் செய்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தானுக்கும் கேட்காமல்தான் எடுத்தேன். ஐந்து வருஷம் எடுத்தேன்.

அவர் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். ஆனால் என்னைப் பார்த்தால் அவருக்கு வாய் சும்மா இருக்காது. மாடிப்படியில் ஏறும்போதே சத்தம் கேட்கும். "என்ன மாப்ளே, இன்னிக்கு எத்தனை பேருக்கு வயசைக் குறைச்சே?" என்பார். நானும் விடமாட்டேன். "உங்களுக்குக் குறைக்கிறது ரொம்பக் கஷ்டம் அத்தான், கம்ப்யூட்டரே பெருமூச்சு விடுது" என்பேன். அக்காவைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து எங்கள் இருவருக்கும் இதே வேலைதான். ஒருவரை ஒருவர் மட்டம் தட்டாமல் ஒரு வேளைகூட நாங்கள் சேர்ந்து சாப்பிட்டதில்லை.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் விசில் சார். கறுப்புக் கயிற்றில் கோத்த ஸ்டீல் விசில். ஊதுகிறாரோ இல்லையோ, அது அவருடைய கீழுதட்டின் இடது ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். பேசும்போதுகூட எடுக்கமாட்டார், அதைச் சுற்றிப் பேசுவார். புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்கு அவர் சொல்வது புரிய ஒரு மாதம் ஆகும். சாயங்காலம் வீட்டுக் கேட்டைத் திறக்கும்போது ஒரு சின்ன 'பீப்'. அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைக்கச் சொல்லி அக்காவுக்கு உத்தரவு. "இது வீடா, மைதானமா?" என்று அக்கா கத்துவாள். கத்திக்கொண்டே தண்ணீர் வைப்பாள்.

அவர் தொப்பி போடமாட்டார். பள்ளிக்கூடத்திலேயே ஒரு வெள்ளைத் தொப்பி கொடுத்திருந்தார்கள், அது சாமான் அறையில் பந்து மூட்டைக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. "நானூறு பசங்க தலை காயுது. நான் மட்டும் கொடை புடிச்ச மாதிரி நிக்கவா?" என்று கேட்பார். கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கும். நானூறு பிள்ளைகளும் ஆளுக்கு முக்கால் மணி நேரம்தான் வெயிலில் நின்றார்கள். அவர் காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் நாலு மணி வரை நின்றார். கூடைப்பந்து மைதானத்தின் சிமெண்ட் தரை மத்தியானத்தில் கண்ணைக் கூசும். அந்தத் தரையில் குனிந்து சுண்ணாம்புத் தூளால் அவர் கோடு போடுவார். கயிறு கட்டிப் போட்டவர்கள்கூட அவ்வளவு நேராகப் போட்டதில்லை. இந்தக் கணக்கையெல்லாம் அன்றைக்கு யார் போட்டோம்?

இனி அந்த ஐந்து வருஷத்தைச் சொல்லிவிடுகிறேன். வருஷா வருஷம் பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம் எல்லா ஆசிரியர்களுக்கும் புது ஐடி கார்டு. மற்றவர்களைப் பள்ளிக்கூடத்துக்கே போய் எடுப்பேன். அத்தான் மட்டும் ஸ்டுடியோவுக்கு வருவார். எனக்கு ஸ்டூலைக்கூட ஒழுங்காகப் போடத் தெரியவில்லை என்று கிண்டல் செய்ய அவருக்கு ஒரு சாக்கு வேண்டுமே.

முதல் வருஷம் கீழுதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது. அவருக்கு அந்தத் தோலைப் பல்லால் கடித்து இழுக்கும் பழக்கம் வந்திருந்தது. "பச்சைக் குழந்தை மாதிரி உதட்டைக் கடிக்காதீங்க" என்று அக்கா சத்தம் போடுவாள். "வெயில் காலம், அப்படித்தான் இருக்கும்" என்பார். வெயில் காலம் போய் மழை வந்தது, உதடு அப்படியேதான் இருந்தது. படத்தில் உரிந்த தோலை எடுத்துவிட்டேன். இரண்டு நிமிஷ வேலை.

இரண்டாவது வருஷம் எனக்கு வந்தது எரிச்சல். திரையில் முகத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன், கண் இமை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது, கீழுதட்டின் ஓரம் மட்டும் தெளிவாக இல்லை. உதடு எங்கே முடிகிறது, தாடைத் தோல் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல ஒரு கோடு இருக்கும் இல்லையா, அந்தக் கோடு கலங்கிக் கிடந்தது. உதட்டின் நிறமும் சாம்பல் பூத்த மாதிரி. போகஸ் போய்விட்டது என்று நினைத்தேன். லென்ஸைத் துடைத்தேன். அத்தானை மறுபடி வரவழைத்து இன்னொரு படம் எடுத்தேன். அதிலும் அப்படியே. லென்ஸை விற்றவனை மனதுக்குள் திட்டிவிட்டு, அந்தக் கோட்டை நானே வரைந்தேன். அழகாக வரைந்தேன். அதைப் பார்த்துவிட்டு அத்தான், "மாப்ளே, இவ்வளவு லட்சணமா நான்?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

மூன்றாவது வருஷம் இடது ஓரத்தில், விசில் உட்காரும் அதே இடத்தில், ஒரு வெள்ளைத் திட்டு. மிளகு அளவுதான். தொட்டால் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும் என்று அவரே சொன்னார். உதட்டின் வலது பக்கத்திலிருந்து நல்ல இடத்தைக் கொஞ்சம் எடுத்து அந்தத் திட்டின் மேல் ஒட்டினேன். வலது உதடு இடது உதடாகிவிட்டது. யாரும் கண்டுபிடிக்கவில்லை.

நான்காவது வருஷம் அந்தத் திட்டு வெடித்திருந்தது. மேலே ஒரு பொருக்கு. பொருக்கு விழும், ஆறிவிட்டது என்று நினைப்பார், பத்து நாளில் மறுபடி வெடிக்கும். வலி மட்டும் இல்லை. வலித்திருந்தால் ஓடியிருப்பார். அன்றைக்குத்தான் நான் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன்.

"விசில்தான் அத்தான் காரணம். ஸ்டீல் வெயில்ல கொதிக்குது, அதைக் கொண்டுபோய் உதட்டுல வெக்கிறீங்க. அதே இடத்துலதான் புண்ணு, பாருங்க."

அவர் விசிலைக் கையில் எடுத்து, பக்கத்தில் கண்ணாடியில் உதட்டைப் பார்த்து, இரண்டையும் ஒப்பிட்டார். "அட, ஆமாடா" என்றார். அடுத்த நாளே நான் ஒரு பிளாஸ்டிக் விசில் வாங்கி, வாய் வைக்கிற இடத்தில் மெத்தென்று டேப் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்கு ஒரே சந்தோஷம். பள்ளிக்கூடம் முழுக்க, "என் மச்சினன் கண்டுபுடிச்சான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த விசில் வந்த மறுமாதம் பள்ளிக்கூடத்தில் பல் மருத்துவ முகாம். நானூறு பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தி, ஒருவர் பின் ஒருவராக நாற்காலியில் உட்கார வைத்தவர் அத்தான்தான். முகாம் முடிந்து சாமானைக் கட்டும்போது அந்தப் பல் டாக்டர் இவரைப் பார்த்து, "சார், அந்த உதட்டை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில காட்டிடுங்க. மூணு வாரத்துக்கு மேல ஆறாத புண்ணை வெச்சுக்கக் கூடாது" என்று சொல்லியிருக்கிறார். சாயங்காலம் ஸ்டுடியோவுக்கு வந்து அத்தான் அதை என்னிடம் சொன்னார். ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, சிரிக்காமல் கேட்டார்.

"என்னடா சொல்றே? போய்க் காட்டட்டுமா?"

நான் என்ன சொன்னேன் என்பதை மாற்றி எழுத எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. தொழில் புத்தி. ஆனால் நான் சொன்னது இதுதான்.

"பல்லு டாக்டருக்கு உதட்டைப் பத்தி என்ன அத்தான் தெரியும்? விசில் மாத்தி ஒரு மாசம்தானே ஆகுது, ஆறிடும். சிகரெட்டைத் தொட்டதில்லை நீங்க, உங்களுக்கு என்ன வந்துடப் போகுது? நம்ம தோலுக்கு வெயிலெல்லாம் தூசு."

"அதானே. தினமும் முகத்தைப் பாக்குறவன் நீ, உனக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். விளையாட்டு விழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அந்தப் பேச்சு அத்தோடு போயிற்று. ஒரு டாக்டர் சொன்னதை ஒரு போட்டோக்காரன் பேச்சால் தள்ளிவிட்டார். அப்படித் தள்ளும் அளவுக்கு என் மேல் நம்பிக்கை வைத்திருந்தார் என்பதுதான் இன்றைக்கும் என்னைப் போட்டு அரிக்கிறது.

ஐந்தாவது வருஷம் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தபோது அவரே, "இந்தத் தடவை கொஞ்சம் கஷ்டப்படணும் மாப்ளே" என்றார். பொருக்குக்கு அடியில் ஒரு மேடு தட்டியிருந்தது. ஓரம் கெட்டியாக, நடுவில் ஈரமாக. "காட்டிடலாமா அத்தான்?" என்று கேட்டேன். "பரீட்சை லீவுல பாப்போம்" என்றார். நானும் சரி என்றேன். அந்தப் படத்தைத் திருத்த நாற்பது நிமிஷம் ஆயிற்று. நாற்பது நிமிஷம் அந்தப் புண்ணைக் கை அகலத்துக்குப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எந்த டாக்டரும் அதை அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார். முடித்துவிட்டு, என் கைவேலையைப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேன். அந்தப் படம்தான் ஆண்டு மலரில் வந்தது.

பரீட்சை லீவு வருவதற்குள் அக்கா அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டீ தம்ளரின் விளிம்பில் ரத்தம் பார்த்தாளாம். சவரம் செய்யும்போது தாடைக்குக் கீழே நெறி கட்டியிருப்பதை அவரே கண்டுபிடித்துச் சொன்னாராம். உதட்டிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்றைக்கு நானும் கூடப் போனேன். சின்ன அறை. ஒரு மேஜை, மூன்று நாற்காலி, சுவரில் கை கழுவும் முறை பற்றி ஒரு படம். டாக்டர் ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், அவசரப்படாமல் பேசினார்.

புற்றுநோய் என்று சொன்னார். உதட்டில் வந்தது கழுத்து நெறிக்கும் போயிருக்கிறது என்று சொன்னார். அக்கா தன் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நாளா இருக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

"இப்பத்தாங்க. ஒரு ரெண்டு மாசம்" என்றார் அத்தான்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை மாதிரி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மாசமா? பழைய போட்டோ ஏதாவது இருக்கா? ஒரு வருஷம், ரெண்டு வருஷம் முன்னாடி எடுத்தது."

அக்கா கைப்பையைத் திறந்தாள். அத்தானின் ஐடி கார்டுகள் ஐந்தும் அதில் இருந்தன. பழையதைத் தூக்கிப் போடும் வழக்கம் அவளுக்குக் கிடையாது. ரப்பர் பேண்டைக் கழற்றி ஐந்தையும் எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் அவற்றை வரிசையாக அடுக்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொன்றாகக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஆச்சரியமா இருக்கே" என்றார். "இது பொதுவா ஒரே நாள்ல வராது. வருஷக்கணக்கா முன்னாடியே சொல்லும். கீழுதடு காயும், தோல் உரியும், எது தடவினாலும் சரியாகாது. அப்புறம் உதட்டு ஓரக் கோடு மங்கும். வெள்ளையா ஒரு திட்டு, சொரசொரப்பு. அப்புறம்தான் ஆறாத புண்ணு. கறுத்த தோல்காரங்களுக்கு இது குறைவுதான், ஆனா வராதுன்னு இல்லை. தோலுக்கு இருக்கிற காப்பு உதட்டுக்கு இல்லையே. இவர் வேலையும் முழுக்க வெயில்ல. ஆனா இதுல பாருங்க, போன வருஷம்கூட உதடு சுத்தமா இருக்கு. ஒரு அறிகுறியும் இல்லை. ரொம்ப வேகமா வந்திருக்கு."

அவர் சொன்ன ஒவ்வொன்றும் நான் அழித்தது. சொன்ன வரிசைகூட அதே வரிசை. இதைவிடத் தெளிவாக ஒருவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. வாயைத் திறந்து, 'அந்தப் படமெல்லாம் நான் திருத்தினது டாக்டர்' என்று சொல்ல எனக்கு இரண்டு மூச்சு போதும். சொல்லவில்லை. அக்கா அழ ஆரம்பித்தாள். "அப்ப யாருக்கும் தெரிஞ்சிருக்க முடியாது, இல்லீங்களா டாக்டர்?" என்று கேட்டாள். டாக்டர் கார்டுகளை மறுபடி பார்த்துவிட்டு, "இதை வெச்சுப் பாத்தா, முடியாதுதான்" என்றார்.

அந்தப் பதிலை அக்கா பிடித்துக்கொண்டாள். வந்து விசாரித்தவர்களிடம் எல்லாம் அதையே சொன்னாள். ஒரே வருஷத்தில் வந்துவிட்டதாம், டாக்டரே ஆச்சரியப்பட்டாராம், யாருக்கும் தெரிந்திருக்காதாம். அவள் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன்.

அசல் படத்தை நான் அழிப்பதில்லை. திருத்தியதைத் தனியாக வைப்பேன், அசல் ஒரு மூலையில் கிடக்கும். நான்கு நாள் கழித்து அந்த ஐந்து அசலையும் பெரிதாக அச்சடித்து, உறையில் போட்டு, தனியாக அந்த டாக்டரைப் பார்க்கப் போனேன். வெளியே பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்விடலாமா என்று ஒன்பது தடவையாவது நினைத்திருப்பேன்.

டாக்டர் படங்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வைத்தியம் மாறாது" என்றார். "சதைப் பரிசோதனையை வெச்சுத்தான் எல்லாமே. நீங்க பயப்பட வேண்டாம்."

"இப்ப வைத்தியத்தைக் கேக்கலைங்க. அப்பவே வந்திருந்தா?"

முதல் மூன்று படத்தையும் ஒரு பக்கமாக ஒதுக்கினார். "இந்த நிலையில வந்திருந்தா ஒரு களிம்பு, இல்லேன்னா மேல்தோலை மட்டும் எடுத்துட்டு மத்தியானமே வீட்டுக்கு அனுப்பியிருப்போம். வெளியே போறப்பெல்லாம் அகலமான தொப்பி, உதட்டுக்கு வெயில் படாம ஒரு களிம்பு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தடவிக்கச் சொல்லியிருப்போம். வெயில் மேலேயிருந்து மட்டுமா வருது, தரையிலே பட்டும் வருதே." நான்காவது படத்தைத் தொட்டார். "இங்கேயும் ரொம்பப் பேருக்கு ஒரு சின்னத் தையலோட முடிஞ்சிடும்." ஐந்தாவதை அவர் தொடவில்லை.

மருந்துக் கடையைத் தாண்டித்தான் நான் தினமும் மாடி ஏறுகிறேன். அன்றைக்குத்தான் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தேன். டாக்டர் சொன்ன அந்த வெயில் களிம்பு, கட்டை விரல் நீளத்துக்குக் குழாயில், சீப்புக்கும் பவுடருக்கும் நடுவே இருந்தது. எத்தனை வருஷமாக விற்கிறீர்கள் என்று கேட்டேன். கடை திறந்ததிலிருந்து என்றார் கடைக்காரர்.

அத்தானுக்குக் கீழுதட்டின் இடது பாதியை எடுத்தார்கள். கழுத்தில் நெறிகளை எடுத்தார்கள். பிறகு கதிர்வீச்சு கொடுத்தார்கள். தைத்த வாய் சின்னதாகிவிட்டது, ஸ்பூன் நுழையத் தகராறு செய்யும். ஆனாலும் அந்த வாய் சும்மா இருக்கவில்லை. கட்டுப் பிரித்த அன்றைக்கு என்னைப் பார்த்து, "எங்கே மாப்ளே, இதைத் திருத்து பாப்போம்" என்றார். பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியே போதுமாக இருந்தது. சிரித்துவிட்டு ஆஸ்பத்திரி மாடிப்படிக்கு அடியில் போய் நின்று அழுதேன்.

நான்கு மாதம் கழித்து மைதானத்துக்குப் போனார். பந்து மூட்டைக்குப் பின்னால் தொங்கிய அந்த வெள்ளைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, மிச்சமிருந்த உதட்டில் களிம்பை வெள்ளையாக அப்பிக்கொண்டு. அன்றைக்கு நானும் இருந்தேன். பிள்ளைகள் வரிசையில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழைய ஸ்டீல் விசிலை எடுத்து வாயில் வைத்தார். ஊதினார். காற்று இடது பக்கமாகப் போய்விட்டது. கையால் உதட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஊதினார். சத்தம் வரவில்லை. நானூறு பிள்ளைகள், ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. விசிலைக் கயிற்றோடு கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, இரண்டு கையையும் தட்டினார். பிள்ளைகள் ஓட ஆரம்பித்தார்கள்.

அந்தக் கைதட்டலோடு ஏழு மாதம் ஓட்டினார். தொப்பி இல்லாமல் எந்தப் பிள்ளையையும் மைதானத்தில் இறங்கவிடவில்லை. வீட்டுக் கேட்டில் 'பீப்' சத்தம் இல்லாததால் அக்கா டீக்கு ஜன்னல் பக்கம் நின்று பார்க்கப் பழகிக்கொண்டாள். பிறகு கழுத்தில் மறுபடி வந்தது. இந்தத் தடவை டாக்டர் எந்தப் படமும் கேட்கவில்லை.

அத்தான் கண்ணை மூடும் வரை அவரிடம் நான் சொல்லவே இல்லை. சொல்லாமலே அவருக்குத் தெரியும், உதடு அவருடையது, படத்தையும் பார்த்தவர். ஆனாலும் ஒருவன் வாயைத் திறந்து, தப்பு என்னுடையது என்று சொல்வது வேறு. அதைக் கேட்டால் என்னைக் கிண்டல் செய்தே கொன்றிருப்பார். அந்தக் கிண்டலுக்காகவாவது சொல்லியிருக்கலாம்.

ஆண்டு மலர் வந்த மறுநாள் காலை பத்து மணிக்கு அக்கா ஸ்டுடியோ மாடிப்படி ஏறி வந்தாள். எனக்குத் தெரிந்து இரண்டு வருஷமாக அவள் அந்தப் படியை மிதித்ததில்லை. மூச்சு வாங்க ஸ்டூலில் உட்கார்ந்து, மலரைப் பிரித்து, அந்தப் பக்கத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"இது யாருடா?"

"என்னக்கா கேக்கறே? அத்தான்."

"இந்த உதடு யாரோடது?"

மலரை மூடக் கையை நீட்டினேன். அவள் விடவில்லை.

"வீட்டுல மாட்ட எனக்கு ஒரு படம் வேணும். இந்த மாதிரி வேணாம். உன்கிட்ட அசல் இருக்கும், எடு" என்றாள்.

"அக்கா, அன்னிக்கு டாக்டர்கிட்ட நான்..."

"அந்தக் கார்டை எடுத்துக் குடுத்தது யாரு?" என்று கேட்டாள்.

"நீ."

"எனக்குத் தெரியாதாடா? தினமும் பக்கத்துல படுத்து எழுந்தவ. தலையணை உறையில பொட்டுப் பொட்டா கறை, நான்தான் தோய்ப்பேன். கேட்டா எரிஞ்சு விழுவாரு, எதுக்கு வம்புன்னு விட்டேன். வருஷா வருஷம் நீ குடுக்கிற கார்டைப் பாக்கும்போது, படத்துல நல்லாத்தானே இருக்குன்னு மனசைத் தேத்திக்குவேன். டாக்டர் கேட்டப்ப, பையில கை விட்டதுமே தெரியும், பொய்யைத்தான் எடுத்துக் குடுக்கறேன்னு. பாத்துக்கிட்டே சும்மா இருந்தியான்னு அந்தம்மா ஒரு வார்த்தை கேட்டிருந்தா அங்கேயே செத்திருப்பேன்."

அவள் அழவில்லை. ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள், படம் எடுத்துக்கொள்ள வந்தவள் மாதிரி. அத்தான் ரெண்டு மாசம் என்றது, அவள் கார்டைக் கொடுத்தது, நான் வாயை மூடிக்கொண்டது. அந்தச் சின்ன அறையில் மூன்று பேரும் சேர்ந்து பூசி மெழுகியிருக்கிறோம். இத்தனை நாளும் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கம்ப்யூட்டரைப் போட்டு, ஐந்து அசலையும் அச்சடித்தேன். ஒவ்வொன்றாக வெளியே வரும்போது அக்கா எழுந்து வந்து வாங்கி மேஜையில் அடுக்கினாள். உரிந்த தோல், கலங்கிய கோடு, வெள்ளைத் திட்டு, வெடிப்பு, மேடு. ஐந்திலும் அத்தான் சிரிக்காமல் சிரித்துக்கொண்டிருந்தார். கேமராவுக்குப் பின்னால் இருந்த என்னைக் கிண்டல் செய்ய ஏதோ யோசிக்கும் முகம்.

அக்கா வெகு நேரம் பார்த்தாள். பிறகு மூன்றாவது படத்தில், அந்த வெள்ளைத் திட்டுக்கு மேலே, ஆள்காட்டி விரலை வைத்தாள்.

"இங்கேயே கூட்டிட்டுப் போயிருக்கணும்" என்றாள்.

நான் அவள் விரலைப் பிடித்து இரண்டாவது படத்துக்கு நகர்த்தினேன்.

"இங்கே நான் லென்ஸைத் துடைச்சேன்க்கா" என்றேன்.